போன்சாய்க்கு நல்ல சட்சுகி அசேலியா வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்சாய்க்கு, அதாவது தொட்டியில் சிறிதாகவே வைத்து வளர்க்கும் மரத்துக்கு, சட்சுகி என்ற ஜப்பானிய அசேலியாவை வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் பூக்கும் நேரத்தில் வந்து, பூவைப் பார்த்து, பூவுக்காகவே பணம் கொடுக்கிறார்கள். பூ ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம்தான் நிற்கும். மற்ற நாளெல்லாம் கண்ணில் படுவது அடிமரமும் மண்மேல் பரவிய வேரும். தொட்டிக்கு வந்த பிறகு நம்மால் உண்டாக்க முடியாதவை எவையோ அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும். நாமே இரண்டு மூன்று ஆண்டில் உண்டாக்கிவிடக் கூடியவற்றுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

கடையில் "அசேலியா" என்று விற்பதெல்லாம் சட்சுகிதானா?

இல்லை. சட்சுகி என்பது ரோடோடென்ட்ரான் இண்டிகம், ரோடோடென்ட்ரான் டமுரே என்ற இரண்டு ஜப்பானிய இனங்களிலிருந்தும் அவற்றின் கலப்பிலிருந்தும் வந்த ரகங்களின் கூட்டம். பெயர் பெற்ற ரகங்கள் ஆயிரத்துக்கும் மேல். பழைய செடி இது: எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்து நாற்றுக்காரர் இதோ இஹெய் 1692இல் வெளியிட்ட நூலிலேயே சட்சுகி ரகங்களை மற்ற அசேலியாக்களிலிருந்து பிரித்து வரிசைப்படுத்தியிருக்கிறார்.

அடையாளம் காணப் பூக்கும் காலம் உதவும். கியூஷு தீவின் குருமே அசேலியா ஏப்ரலிலேயே, புதுத் தளிர் விரியும் முன், சின்னச் சின்னப் பூவாகச் செடியை மூடிவிடும். சட்சுகி தளிர் விட்ட பிறகு, மே கடைசியிலும் ஜூனிலும் பூக்கும். குளிர்காலத்தில் ஐரோப்பியக் கடைகளில் பூவோடு வரிசையாக நிற்கும் வீட்டு அசேலியா வேறு: அது ரோடோடென்ட்ரான் சிம்சி வழிவந்தது, சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் பருவம் மாற்றிப் பூக்க வைத்தது. சட்சுகிக்குக் கொடுக்க வேண்டிய விலையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நாற்றா, பாதி வேலை முடிந்த மரமா, முழுதாக முடிந்த மரமா? எதை வாங்குவது?

சட்சுகி மூன்று நிலைகளில் விற்பனைக்கு வரும். முதல் நிலை குச்சி நட்டு வேர்விட்ட, ஒன்று முதல் மூன்று வயது நாற்று. பென்சில் பருமன் இருக்கும். இந்த வயதில் கம்பி சுற்றி எப்படி வேண்டுமானாலும் முறுக்கலாம். விலை மிகக் குறைவு. கையளவு உயரச் சின்ன மரம் செய்ய இதுவே சரியான ஆரம்பம். ஆனால் தொட்டியில் வைத்தே அடி பருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நிலத்தில் இறக்கினாலும் 10 செ.மீ. அடி வர இருபது ஆண்டும் அதற்கு மேலும் ஆகும்.

இரண்டாவது, நிலத்தில் வளர்த்துத் தோண்டி எடுத்து, மேலே வெட்டிக் குறைத்த மரம். அடி தடித்திருக்கும், கிளையெல்லாம் புதிதாக, ஒல்லியாக இருக்கும். பார்க்க அழகிருக்காது. எங்கள் கணிப்பில் பணத்துக்கு நிறைந்த பொருள் இதுதான். சட்சுகி பழைய மரத்திலிருந்தும் தாராளமாக மொட்டு விடும் இனம். ஆரோக்கியமான அடிமரத்தை மொட்டையாக வெட்டினாலும் ஓரிரு மாதத்தில் சுற்றிலும் துளிர் வரும். ஐந்தாறு ஆண்டில் கிளையமைப்பை நீங்களே கட்டிவிடலாம். இருபது ஆண்டு நிலத்தில் செய்த வேலையை வாங்குகிறீர்கள், மிச்சத்தை உங்கள் கையால் செய்கிறீர்கள்.

மூன்றாவது, முடிந்த மரம். கையில் காசும், தண்ணீர் ஊற்றுவதில் தவறாத பழக்கமும் இருந்தால் வாங்கலாம். முதல் சட்சுகியாக இதை வாங்க வேண்டாம் என்போம். தண்ணீரும் கவாத்தும் பழகும் முன் உள்கிளைகள் காய்ந்துபோனால், கொடுத்த விலையில் பாதி போன மாதிரி.

மரத்தின் முன் நின்றதும் எதை முதலில் பார்க்க வேண்டும்?

குனிந்து, தொட்டி விளிம்பின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். மேலே மூடியிருக்கும் பாசியை, விற்பவரிடம் கேட்டுவிட்டு, விரலால் கொஞ்சம் ஒதுக்குங்கள். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் வேர் நாலா பக்கமும் பரவி, அடி அகலமாக விரிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஜப்பானியர் இதை நெபாரி என்பார்கள். நல்ல பழைய சட்சுகியில் வேர்கள் ஒன்றோடொன்று கூடித் தட்டுபோல ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டும் தடித்த ஒரே வேர், மற்ற பக்கம் ஒன்றுமில்லை என்றால் அதற்கேற்ப விலை குறைய வேண்டும்.

அடுத்தது, அடியிலிருந்து நுனிவரை பருமன் படிப்படியாகக் குறைகிறதா? நடுவில் ஓரிடத்தில் கீழைவிட மேலே தடித்திருந்தால் அது எளிதில் மறையாத குறை. ஒரே இடத்திலிருந்து பல கிளைகள் கிளம்ப விட்டுவைத்த மரங்களில் இது அதிகம். விண்பதியம் போட்டு, அதாவது மரத்தில் இருக்கும்போதே மேலே பட்டையை நீக்கி வேர்விட வைத்து, கீழ்ப்பகுதியை நீக்கலாம். சட்சுகி பதியத்தில் எளிதாக வேர்விடும். ஆனால் அந்த வேலைக்கான காலத்தையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் கிளை. கிளை இல்லாத இடம் பெரிய குறை ஆகாது, துளிர்க்க வைக்கலாம். தடித்த கிளை தவறான கோணத்தில் மேல்நோக்கி நிற்பதுதான் பெரிய குறை. சட்சுகியின் முற்றிய மரம் நொறுங்கும் தன்மை கொண்டது. வளைக்கப் போனால் அடிமரத்தோடு சேரும் கவட்டில் கிழிந்துவிடும். அந்தக் கிளையை வெட்டியெறிய வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே மரத்தை மதிப்பிடுங்கள்.

உச்சியை மறக்காதீர்கள். மற்ற பல மரங்களில் நுனிதான் வேகமாக வளரும். அசேலியாவில் வேகம் அடியில். கீழ்க்கிளைகள் தாமாகவே தடிக்கும், உச்சி மெலியும். அதனால்தான் தெரிந்தவர்கள் கீழே கடுமையாகவும் மேலே மென்மையாகவும் கவாத்து செய்வார்கள். உச்சியில் இலை சிறுத்து, குச்சிகள் காய்ந்து, கீழ்க்கிளை மட்டும் கொழுத்திருந்தால், அந்த மரத்தைச் சில ஆண்டுகளாகத் தெரியாத கை வெட்டியிருக்கிறது.

பழைய வெட்டுக்காயங்கள் இருக்கின்றன. வாங்கலாமா?

காயம் இல்லாத தடித்த சட்சுகி கிடைப்பது அரிது. கேள்வி, காயம் மூடிவருகிறதா, உள்ளே பரவுகிறதா என்பதே. சட்சுகியின் பட்டை மெல்லியது, பெரிய காயம் மெதுவாகத்தான் மூடும். காயத்தின் ஓரத்தில் பட்டை தடித்து உருண்டு உள்நோக்கி வந்தால் நல்லது. ஓரம் உள்வாங்கி, மரம் கறுத்து மெத்தென்று இருந்தால் அழுகல் தொடங்கியிருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த மரத்தில் ஒரு வேரும் அதற்கு நேர்மேலே உள்ள கிளையும் ஒரே பட்டைக்கோட்டில் இணைந்திருக்கும். பெரிய கிளையை ஒட்ட வெட்டினால், அந்தக் கோடு முழுவதும் வேர்வரை காய்ந்துபோகலாம். எனவே வெட்டுக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். பள்ளமாக, நிறம் மங்கிய நீளக் கோடு தெரிந்தால், நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் அந்தப் பகுதி செத்தது. பின்பக்கம் ஒரு மெல்லிய கோடு செத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் இருந்தால் வேறு மரம் பாருங்கள்.

வேரின் நிலையை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

அடிமரத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். தொட்டிக்குள் ஆடினால், வேர் பிடிக்கவில்லை, அல்லது அழுகிவிட்டது. பிறகு மெல்லிய குச்சி ஒன்றை மண்ணில் செருகுங்கள். ஓரத்தில் எளிதாக இறங்கி, அடிமரத்தின் பக்கத்தில் கல்போல் முட்டினால், நிலத்து மண் உருண்டை அப்படியே உள்ளே இருக்கிறது. சுற்றிலும் புது மண், நடுவில் பழைய களிமண். இப்படி நட்ட மரத்தில் தண்ணீர் ஓரமாகவே ஓடிவிடும், நடுப்பகுதி தாகத்தில் கிடக்கும். மேலே பார்த்தால் ஈரம் தெரியும், மரம் வாடும். காரணம் புரியாமல் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி வெளி வேரையும் அழுக விடுவார்கள். கரிமண்ணில் (பீட்) வளர்த்த மரங்களிலும் இதே தொல்லை: ஒருமுறை காய்ந்த கரிமண் பிறகு தண்ணீரை உறிஞ்சாது.

ஜப்பானில் வளர்ந்த மரம் பெரும்பாலும் கனுமா மண்ணில் இருக்கும். அகாகி எரிமலை உமிழ்ந்த மஞ்சள் நிற நுரைக்கல் அது. தோச்சிகி மாகாணத்துக் கனுமா ஊரின் பெயரால் அழைக்கப்படுகிறது. புளிப்புத் தன்மை உடையது, தண்ணீரைப் பிடித்துக்கொண்டே காற்றும் விடும். ஈரத்தில் அடர் மஞ்சள், காய்ந்தால் வெளிர் நிறம் என்று தண்ணீர் ஊற்றும் நேரத்தைத் தானே சொல்லும். அதன் குறை, மூன்று நான்கு ஆண்டில் உதிர்ந்து சேறாவது. தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள்: தண்ணீர் ஊற்றிய சில விநாடியில் கீழே வந்தால் மண் நன்றாக இருக்கிறது. மேலே குளமாக நின்றால் மண் மாற்றும் காலம் கடந்துவிட்டது. இது வாங்காமல் விடக் காரணம் ஆகாது. விலை பேசக் காரணம்.

எந்த ரகத்தைத் தேடுவது?

சின்ன மரத்துக்குச் சின்ன இலையும் சின்னப் பூவும், பெரிய மரத்துக்கு எதுவும். கையளவு மரத்தில் பத்து செ.மீ. பூ மலர்ந்தால் மரமே தெரியாது.

பெரிய அடிமரம் தேடுகிறவர்கள் ஒசாகசுகியை அடிக்கடி சந்திப்பார்கள். வேகமாக வளரும், முரடு, வெட்டைத் தாங்கும், சிவப்புச் சாயல் கொண்ட அடர் இளஞ்சிவப்புப் பூ. முதல் மரத்துக்கு இதைவிடப் பொறுமையான ரகம் கிடைப்பது கடினம். கின்சாய் நூல்போல ஒடுங்கிய சிவப்பு இதழ் கொண்டது, தடித்த அடியும் வரும். ஆனால் அதில் சில கிளைகள் சாதாரண அகல இதழ்ப் பூவுக்குத் திரும்பிவிடும். அவை வலுவாகவும் வளரும். பூக்கும்போது அந்தக் கிளைகளுக்கு நூல் கட்டி அடையாளமிட்டு, பூ முடிந்ததும் நீக்காவிட்டால், சில ஆண்டில் ஒடுங்கிய இதழே மறைந்துவிடும். பாதி திரும்பிவிட்ட கின்சாயை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

கோசான் சிற்றிலையும் வெண்மை கலந்த மிக வெளிர் இளஞ்சிவப்புப் பூவும் உடையது, கிளை நெருக்கமாக வரும். சின்சான், பளபளக்கும் சிற்றிலைக்காகச் சின்ன மரம் செய்கிறவர்கள் விரும்புவது. ஹகாத்தாஜிரோ சின்ன வெள்ளைப் பூ. கோரின் இதழ் பிரிந்த இளஞ்சிவப்பு. யாத்தா நோ காகாமியின் பூவில் நடு வெள்ளை, விளிம்பு செம்மை. வாகாஎபிசு பூவுக்குள் பூவாக இரட்டை அடுக்கு. ஒரே மரத்தில் பல வகைப் பூ வேண்டுமென்றால் நிக்கோ, காஹோ, மாட்சுனாமி.

ஒரே மரத்தில் பல நிறப் பூ: வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வெள்ளையில் கோடு, புள்ளி, பாதி நிறம், முழு நிறம் என எல்லாம் ஒரே மரத்தில் வரும் ரகங்களில் அடித்தளம், கோடு விழுந்த வெள்ளைப் பூ. அதிலிருந்துதான் மற்ற வகைகள் பிரியும். முழு நிறப் பூ விடும் கிளை பெரும்பாலும் இனி முழு நிறமாகவே பூக்கும். வளர்ச்சியிலும் மற்றவற்றை முந்தும். எனவே வாங்கும் மரத்தில் முழு நிறம் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. உச்சி முழுவதும் முழு நிறமாகிவிட்ட மரத்தில் மீண்டும் கோடு வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச்சீட்டை நம்பலாமா?

நாற்றில் சீட்டைத் தவிர வேறு சான்று இல்லை, அதனால் ரகங்களைத் தனித்தனிப் பாத்தியில் பிரித்து வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். கலந்து கிடக்கும் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். வளர்ந்த மரத்தில், முந்தைய ஆண்டுப் பூவின் படம் கேளுங்கள். வியாபாரியிடம் மரம் வந்து ஓராண்டு ஆகியிருந்தால் படம் இருக்கும். பழைய அடிமரத்தில் வேறு ரகம் ஒட்டு வைத்திருப்பதும் உண்டு. ஒட்டு தவறில்லை, ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரை ஆண்டுதோறும் கிள்ள வேண்டும், அவ்வளவே. ஒட்டு எந்த உயரத்தில் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

எந்த மாதத்தில் வாங்குவது?

பார்க்க ஒரு காலம், வாங்க ஒரு காலம். ரகத்தையும் பூவையும் சோதிக்க மே கடைசியும் ஜூனும். அப்போது முன்பணம் கொடுத்து மரத்தை நிறுத்திவைக்கலாம். நேரில் எடுத்துப் போவதானால் அப்போதே எடுக்கலாம். பெட்டியில் அனுப்புவதானால் பூவோடு வேண்டாம். பூ நசுங்கி, ஈரத்தில் பூசணம் பிடித்து, தளிரையும் கெடுக்கும். அனுப்புவதற்கு நல்லது உறைபனி முடிந்து தளிர் விடும் முன், அல்லது இலையுதிர் காலம். இலையுதிர் காலத்தில் வந்த மரத்தில் அடி இலைகள் மஞ்சளித்தும் சிவந்தும் உதிர்வதைக் கண்டு பயப்படாதீர்கள். வசந்த இலை உதிரும், கோடையில் வந்த சிற்றிலைகள் நுனியில் தங்கும். அது அதன் இயல்பு.

ஜப்பானுக்குப் போனால் எங்கே பார்ப்பது?

கனுமா ஊரில். சட்சுகி வளர்ப்போரும் மண் தோண்டுவோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் அங்கே சட்சுகி விழா நடக்கும், விற்பனையும் உண்டு. தோக்கியோவில் உவேனோ பூங்காவிலும் அதே பருவத்தில் கண்காட்சி வைப்பார்கள். சைத்தாமாவின் ஓமியா போன்சாய் கிராமத்தில் முடிந்த மரங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

ஒரு மரத்துக்காக என்றால் வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் எந்த நாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். மண்ணோடு வருவதைப் பல நாடுகள் தடுக்கின்றன, வேரைக் கழுவி அனுப்ப வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் போன்சாய் மரங்கள், பதிவு பெற்ற பண்ணையில் குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து வளர்ந்து, அதிகாரிகளின் சோதனைக்கு உட்பட்டிருக்க வேண்டும். இந்தியாவுக்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். மொத்தமாக வரவழைக்கும் வியாபாரி இந்தச் செலவை நூறு மரங்களில் பரப்புவார். உங்களுக்கு ஒரே மரத்தில் விழும். அவரிடமே, மரம் வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய பின் வாங்குவது சிறந்தது. வேர் கழுவப்பட்ட மரம் பிழைத்ததா இல்லையா என்பது அந்த ஓராண்டில் தெரிந்துவிடும்.

படத்தைப் பார்த்து வாங்குகிறேன். எந்தப் படங்களைக் கேட்பது?

நான்கு பக்கமும், உச்சியிலிருந்து ஒன்றும். பிறகு பாசியை ஒதுக்கிய நெபாரி, ஒவ்வொரு பெரிய வெட்டுக்காயம், இலையின் அடிப்புறம், தொட்டியின் அடித்துளை. பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்கச் சொல்லுங்கள். "பெரிய மரம்" என்பதற்கு ஆளுக்கொரு அளவு. முன்புறப் படம் ஒன்றை மட்டுமே தந்து, மற்றதற்குத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். கடைசியாக எப்போது மண் மாற்றினார்கள், எந்த மண் என்ற இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் வர வேண்டும்.

எந்த நோய், பூச்சியைக் கண்டால் திரும்பிவிட வேண்டும்?

இலையின் மேல்புறம் வெளுத்த புள்ளிகள், அடிப்புறம் மெருகெண்ணெய் தெளித்தது போன்ற கறுப்புச் சொட்டுகள்: கண்ணாடி இறக்கைப் பூச்சி. மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் வீட்டில் உள்ள மற்ற அசேலியாவுக்கும் தாவும். தளிர் இலை தடித்து வீங்கி வெள்ளைப் பொடி பூசியது போல் ஆவது ஒரு பூஞ்சைக் கொப்புளம். நீலகிரித் தேயிலையின் கொப்புள நோயும் இதே பேரினத்துப் பூஞ்சைதான். வீங்கியதை வெளுக்கும் முன் கிள்ளி எறிந்தால் போதும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலை விளிம்பு அரைவட்டமாகக் கடிபட்டிருந்தால் நிதானியுங்கள்: இலையைக் கடித்த கூன்வண்டின் புழுக்கள் மண்ணுக்குள் வேரைத் தின்றுகொண்டிருக்கும்.

திரும்பியே ஆக வேண்டியது வேரழுகல். மண் ஈரமாக இருந்தும் இலை மங்கித் தொங்கும், ஒரு கிளை முழுவதும் ஒரே வாரத்தில் பழுப்பாகும். இதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக இருப்பது மட்டும் வேறு கதை. சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரால் இரும்புச் சத்து ஏறாமல் போவது அது. மழைநீருக்கு மாற்றினால் தேறும்.

தமிழ்நாட்டில் வளருமா?

சமவெளியில் முயல வேண்டாம். கோடையில் உருவான மொட்டு சரியாக விரிய, சட்சுகிக்குச் சில வாரக் குளிர் ஓய்வு தேவை. சென்னையிலோ மதுரையிலோ அது கிடைக்காது; வெப்பத்தில் வேரும் சோரும். நீலகிரி, கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா போன்ற உயரங்களில் வாய்ப்பு உண்டு. இதன் உறவான காட்டுப்பூவரசு நீலகிரிச் சோலைகளில் தானே செந்நிறமாகப் பூக்கிறது. புளிப்பு மண்ணும் குளிர்ந்த காற்றும் இந்தக் குடும்பத்துக்கு ஏற்றவை. அங்கேயும் விலை உயர்ந்த மரத்தில் தொடங்காமல் ஒசாகசுகி நாற்றுகள் சிலவற்றை வைத்து, இரண்டு ஆண்டு பூக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கி வந்ததும் முதல் ஆண்டில் என்ன செய்வது?

காலை வெயில், மதியம் நிழல், காற்று பலமாக அடிக்காத இடம். மண்ணின் மேல் நறுக்கிய ஸ்பாக்னம் பாசியை ஒரு செ.மீ. பரப்புங்கள், சட்சுகியின் மயிரிழை வேர்கள் மேல்மட்டத்தில்தான் அதிகம், ஒரு நாள் காய்ந்தால் கருகிவிடும். தண்ணீர் மழைநீராக இருந்தால் நல்லது.

பூ மொட்டுகளில் பெரும்பகுதியைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு கிளையிலும் ஓரிரண்டை மட்டும் விடுங்கள்: ரகத்தைச் சரிபார்க்க அது போதும், மரத்தின் பலமும் வீணாகாது. பூ முடிந்ததும் வாடிய இதழோடு அடியில் உள்ள சூற்பையையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். கவாத்து தேவைப்பட்டால் அப்போதே, வட அரைக்கோளத்தில் ஜூலை நடுவுக்குள் முடித்துவிடுங்கள். பிறகு வெட்டினால் அடுத்த ஆண்டின் மொட்டை வெட்டுகிறீர்கள்.

மண் மாற்றும் நேரமும் பூ முடிந்த உடனேதான், அல்லது தளிருக்கு முந்தைய இளவசந்தம். நடுவில் களிமண் உருண்டை இருந்தால், ஒரே முறையில் கழுவ அஞ்சுகிறவர்கள் முதல் ஆண்டு ஒரு பாதியை மட்டும் கழுவிக் கனுமா நிரப்பி, அடுத்த மண் மாற்றத்தில் மறுபாதியை எடுக்கலாம். மண் மாற்றிய அதே பருவத்தில் கனமாக வெட்டவும் வேண்டாம், கம்பி சுற்றவும் வேண்டாம். குளிர்காலத்தில் தொட்டியின் வேர்க்கட்டி −5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகாமல், காற்றுத் தடுப்பான, சூடேற்றாத கூரைக்கு அடியில் வையுங்கள். சூடான அறைக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள்.